நான் வாயைத் திறந்த அரை நிமிடம்

போன வருடம் ஜூன் மாதம், தேனி பக்கம் ஒரு கல்லூரியில் பேத்தியைச் சேர்க்கப் போயிருந்தேன். அந்த இடம் முன்பு கல்லும் முள்ளுமாய்க் கிடந்த வெறும் கரடு. ஒருதரம் என் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்து, அங்கேதான் தண்ணீருக்கு அலைந்தேன். சரி, அது வேறு கதை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கம்பத்திலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஜீப்பில் கொண்டுபோய் விடுவதுதான் நாற்பது வருடத் தொழில்.

திருப்பூரில் இருக்கும் என் மகன், அவளுடைய அப்பா, போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்க வேண்டும். பேத்தியோ இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் வேண்டும் என்று ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு இரண்டுமே ஒன்றுதான்.

இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸில் இடம் இருக்கிறதா என்று பேத்தி கேட்டாள். கவுன்ட்டரில் இருந்தவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரே சீட்டுதான் கிடக்கு பெரியவரே. இத விட்டுட்டு யாராச்சும் அதுக்குப் போவாகளா?"

"அதையே போடுங்க சார்" என்றேன்.

பேத்தி ஃபாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, லீவுல உங்ககூட ஜீப்புல வந்தேன்ல, அன்னைக்கு என்ன ஆச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, கங்காணி சொன்ன எஸ்டேட்டுக்குப் போனால், ஆள் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலை மேலே போனுக்கு டவரும் கிடைக்காது. பதினான்கு பேரும் கூலி இல்லாமல் இறங்கினார்கள். கீழே வந்த பிறகுதான் தெரிந்தது, பக்கத்து எஸ்டேட்டில் ஆள் இல்லாமல் ஏலப்பழம் எடுப்பதே நின்றிருக்கிறது.

"ஜீப்புல கோளாறு இல்ல. நீங்க ஓட்டுனதுலயும் இல்ல. எங்கன ஆளு வேணும்னு உங்களுக்கு வந்து சேரல, அம்புட்டுத்தான். கம்ப்யூட்டரு ரெண்டு படிப்புலயும் இருக்கு தாத்தா. அத வச்சு இந்த மாதிரி விசயத்த யாருக்கு, எப்ப, எப்படிச் சேக்கணும்னு நான் படிக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுன்ட்டர்காரர் சிரித்தார். "சின்னப்பிள்ளை பேச்சக் கேட்டு சீட்ட விட்டுறாதீக."

"சார், நீங்க இந்த ரெண்டுல எதைப் படிச்சீக?" என்று கேட்டேன்.

"நான் பி.காம்."

"நான் ஒண்ணுமே படிக்கல. அப்ப இங்கன இருக்குற மூணு பேருல இவளுக்குத்தான் கூடுதலாத் தெரியுது. நீ சொன்னதையே எழுது ஆத்தா."

அதற்குள் மகன் போனில் வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். "நான் அம்புட்டுச் சொல்லியும் என்னப்பா பண்றீக?" என்று கத்தினான். "கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன். அவள் காட்டிய இடத்தில் போட்டேன். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது. கட்டத்தைத் தாண்டிப் போனது. போகட்டும்.

பொங்கலுக்கு வந்த மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனாம். அவளுக்கு நாளைக்கு வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் கேட்டாலும் அங்கேதான் கையெழுத்துப் போடுவேன். படிக்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அதையே போடுங்க" என்று வாயைத் திறந்தேனே, அந்த அரை நிமிடம்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.