லினா ரயிலடியில் சொன்னது

ஊமைப்படத்தில் நடிக்கிறவர்கள் வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கதாநாயகியைக் கட்டியணைத்தபடி, "வெங்காயம் தின்னுட்டு வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கொஞ்சிய நாயகனை நானே பார்த்திருக்கிறேன். பெர்லினில் கூட்டக் காட்சிகளில் தலைகாட்ட வாய்ப்புத் தேடி அலையும் துணைநடிகைகளான எங்களுக்கு அதுதான் சிரிப்பு. எங்களில் ஒருத்தி லினா பெச்கே.

அவள் கணவன் எர்வினுக்குச் சிறுவயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வான். புத்தகம் தைக்கும் பட்டறையில் வேலை. குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். ஆனால் வீட்டுக்கு வந்தால் சூப்புத் தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். முகத்தையே பார்க்காதவனிடம் அவள் என்னத்தைப் பேசுவாள்?

ஒரு வருடம் லினாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. போருக்குப் போகிற கணவனை ரயிலடியில் வழியனுப்பும் மனைவி வேடம், அதுவும் முகம் மட்டும் தெரிகிற காட்சி.

"என்ன வேணா சொல்லும்மா, அழுகை வந்தாப் போதும்" என்றார் இயக்குநர்.

லினா அந்த நடிகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போ எர்வின். திரும்பி வராதே. உன்கூட இருந்து உயிரோட செத்துட்டேன்" என்று தேம்பினாள். பக்கத்தில் கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயக்குநர் கைதட்டினார்.

படம் எங்கள் தெருமுனைக் கொட்டகைக்கு வந்தது. எர்வின் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டு, அவனே டிக்கெட்டும் வாங்கிவிட்டான். லினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைவலி என்றாள், படம் மட்டம் என்றாள், எதுவும் எடுபடவில்லை. என்னிடம் ஓடிவந்தாள்.

"அந்த இடத்த வெட்டியிருப்பாங்களாடி?"

"அவ்வளவு நல்ல அழுகைய வெட்ட அந்தாளுக்கென்ன பைத்தியமா? சும்மா நடிப்புக்குச் சொன்னேன்னு சொல்லிடு."

"அது நடிப்பில்லன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும்தான். துணைக்குப் போய் அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. திரை கொள்ளாமல் லினாவின் முகம். உதடுகள் அசைந்தன. பிறகு, 'நீ திரும்பும்வரை காத்திருப்பேன்' என்று எழுத்து வந்தது. படத்துக்கு வாசிக்கிற பியானோக்காரர் உருகினார், முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எர்வின் மட்டும் அசையவில்லை.

"எர்வின், இங்க பாரு, எர்வின்" என்று லினா அவன் தோளை உலுக்கினாள். இருட்டில் அவனுக்கு என்ன தெரியும்?

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறதென்று அவனுக்குத் தெரியாது. கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டான்.

"கேமராகிட்ட சொன்னியே. என்கிட்ட ஏன் சொல்லல?"

லினா எழுந்தாள். அவன் சட்டைக்கையைப் பிடித்து, ஜனங்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போனாள். அங்கேதான் வெளிச்சம் இருந்தது. அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எப்ப என்னை நிமிர்ந்து பார்த்தே?"

உட்காரச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அவள் பேசிக்கொண்டே போனாள். எர்வின் அவள் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.