வேறொருவர் பயன்படுத்துகிறார்

இதைக் கதை என்று எண்ணிப் படிக்காதீர்கள். அந்த மடிக்கணினி இன்னும் இஞ்சியோன் நகரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

என் கணவர் கியோங்தேயின் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு எல்லாக் கணினிகளும் தாமாக அணைந்துவிடும். யாரும் கூடுதல் நேரம் உழைக்கக் கூடாதாம். அவரோ மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் மடிக்கணினியில் விடிய விடியச் செய்வார். ஒரு நாள் அதன் முன்னாலேயே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்துவிடுவார் என்றே நம்பினேன்.

அன்று கணினியை நான்தான் அணைத்தேன். மறுநாள் காலையில் அதன் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மீண்டும் அணைத்தேன்; அடுத்த நாளும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் மாலை கொழுந்தன் மின்கியூ வந்தான். கணினி பழுதுபார்ப்பவன். பழுதுபார்க்க அதில் முன்பே வைத்திருந்த தன் பெயரில் உள்ளே நுழைந்து பார்த்தான்.

"ஒன்பது நாளா நிக்காம ஓடுது அண்ணி."

"தினமும் அணைச்சேனே!"

"ஷட்டவுன் பண்ணா இது முழுசா அணையாது. அரைத் தூக்கம்தான். அதான் ஓடின நேரக் கணக்கு அழியல."

"உங்க அண்ணன் மாதிரியே. படுத்தாலும் தூங்காது."

சிரித்தான். முழுசாக அணையும்படி அந்த அமைப்பை மாற்றிவிட்டு, அணைக்கும் பொத்தானை அழுத்தினான்.

திரையில் எழுத்துகள்...

'வேறொருவர் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார். இப்போது அணைத்தால் அவர் சேமிக்காததை இழப்பார்.'

மின்கியூவின் சிரிப்பு நின்றது.

"அண்ணன் பேர்ல திறந்திருக்கு... இன்னிக்குக் காலையில. பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெங்க சொன்னாரு?"

"அணைச்சிடட்டா?"

"வேணாம் தம்பி... வேணாம்!"

அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

மணி 7:51.

விர்ர்ர்... விசிறிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

7:58. டிக்.

திரை இருண்டது.

"தொட்டியா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

என் கைபேசி அடித்தது. மருத்துவமனை.

அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த மறுவாரம் மின்கியூ மடிக்கணினியைத் திறந்தான். கணினி தன் நிகழ்வுகளைத் தானே பதிந்துவைக்குமாம். அன்று 7:58-க்கு அணைக்கச் சொன்னவர் பெயர், கியோங்தே.

அதற்கு முந்தைய நிமிடம் ஒரு கோப்பு சேமிக்கப்பட்டிருந்தது. அவர் சரிந்த அன்று பாதியில் நின்ற அலுவலக அறிக்கை.

கடைசி வரி வரை எழுதி முடித்திருந்தார்.