முதல் வெடி எங்கே

சண்முகத்தாய்க்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பட்டாசு ஆலை வெடித்து மகள் ஞானசுந்தரி செத்ததிலிருந்து அந்தக் குரல் இறங்கியே கிடந்தது.

"வெடிமருந்துப் பெட்டியத் தரையில உரச இழுத்திருக்கா. அவ ரூம்லதான் முதல்ல வெடிச்சுச்சு" என்று போர்மேன் பாண்டிச்செல்வம் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்? உயிர் தப்பியவர்களும் அந்த அறைப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது என்றார்கள். பொய்யில்லை. அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது.

"கீழ ரப்பர் பாய் விரிக்காம எம்மவ ஒரு பெட்டிய வச்சதில்ல. அவ பேரு சுத்தமாகாம காரியம் கிடையாது" என்றாள் சண்முகத்தாய். பதினாறாம் நாள் வந்தது, போனது. சொந்தபந்தம் ஏசியது. அவள் அசையவில்லை.

ஆலையைச் சுற்றிக் கருவேலங்காட்டில் கல்லூரிக்காரர்கள் கம்பம் நட்டு மைக் கட்டியிருந்தார்கள், பட்டாசுச் சத்தத்தை அளக்க. அந்த மைக்குகளைக் கவனித்துவந்த பிரீத்திகாவைப் போய்ப் பிடித்தாள் சண்முகத்தாய்.

"அன்னைக்குக் கேட்ட சத்தம் உன் மைக்குல இருக்குமா, தாயி?"

இருந்தது. கணக்குப் போட்டுவிட்டுப் பிரீத்திகா வீட்டுக்கே வந்தாள்.

"ஒரே சத்தம் ஒவ்வொரு கம்பத்துக்கும் கொஞ்சம் முன்னப்பின்னத்தான் வந்து சேரும்மா. அந்த வித்தியாசத்த வச்சுக் கிளம்புன இடத்தப் பிடிச்சிரலாம். முதல் வெடி ஆலைக்குள்ள இருக்க வேப்பமரத்தடியில. ரூம் அதுக்கப்புறம்தான். குடோன் சுவத்துல மோதித் திரும்புன சத்தம், ரூம்லருந்து வந்த மாதிரி எல்லாருக்கும் கேட்டிருக்கு."

வேப்பமரத்தடி! சீசனில் ஆர்டர் நெருக்கினால் அறைக்குள் செய்யவேண்டிய வேலையை மரத்தடியில் பரப்பச் சொல்வார்கள். சட்டத்துக்கு ஆகாது. எல்லாருக்கும் தெரியும், வேலை போய்விடுமே என்று யாரும் வாய் திறப்பதில்லை.

மைக் கணக்கு அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் பாண்டிச்செல்வம் உட்கார்ந்திருந்தான். சண்முகத்தாய் அவன் எதிரில் போய் நின்றாள்.

"மரத்தடியில மருந்து காயப்போடச் சொன்னது யாருலே?"

"மைக்கு சாட்சி சொல்லுதாக்கும்? போங்க, போய்ச் சோலியப் பாருங்க."

"மைக்கு இடத்தச் சொல்லிருச்சு. ஆளச் சொல்ல இங்கன ஒரு வாயுமா இல்ல?"

பெஞ்சில் இருந்த ஆலைப் பெண்கள் தலை குனிந்தார்கள். ஞானசுந்தரிக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்த வள்ளித்தாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இவருதான் சொன்னாரு, மதினி. என்கிட்டயும் சொன்னாரு."

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

"வாரேன்."

"அப்ப நட. பெறவு காரியத்துக்கு நாள் பாப்போம்."