இடக்கைக்காரரின் எழுத்துப் பெட்டி

நாகர்கோவிலில் ஓர் அச்சுக்கூடத்துக்கு நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். அச்சுக் கோர்ப்பவர்கள் ஆறு பேர். திருவனந்தபுரத்தில் புதிய அச்சுக்கூடம் திறந்ததும் இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். மிச்சமிருந்த நால்வரில் ஒருவருக்குத்தான் தமிழோடு மலையாளமும் கோர்க்கத் தெரியும். எங்களுக்கு வந்த வேலையில் பாதி, திருவனந்தபுரம் சர்க்காரின் மலையாளப் படிவங்கள். களியக்காவிளை வரை விசாரித்தேன். அவரைப் போல இன்னொருவர் அகப்படவில்லை.

அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதே என் கவலை. அவர் இடக்கைக்காரர். ஈய எழுத்துகளைத் தன் பெட்டியின் சிறு அறைகளில் தன் கைக்குத் தோதாக அடுக்கியிருந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு விதம். ஒருவர் பெட்டியில் இன்னொருவர் நின்று கோர்க்க முடியாது. எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒழுங்கில் இருந்தால் யாரும் யாருக்குப் பதிலாகவும் நிற்கலாம், மலையாளத்தைக்கூட வடிவம் பார்த்துக் கோர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு விடுமுறையாக இருந்தபோது, நான் மட்டும் உள்ளே இருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். பதினோரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வோர் அறையிலும் சீட்டு ஒட்டினேன்.

திங்கட்கிழமை இடக்கைக்காரர் பார்க்காமலே பெட்டிக்குள் கையை நீட்டினார். வேறு எழுத்து வந்தது. மறுபடியும் நீட்டினார்.

“எனக்க பெட்டியில ஆரு கை வச்சது?”

நான்தான் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

“எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டியளா சாரே?”

கேட்கவில்லை. அதோடு நான் விட்டிருக்கலாம். மணிக்குப் பத்தொன்பது வரி கோர்த்தவர் அன்று ஏழுதான் கோர்த்தார். சாயங்காலம் அதை எல்லோர் முன்னாலும் நோட்டிலிருந்து வாசித்தேன்.

“நல்லா எண்ணுகிய. நாளைக்கு எண்ணுகதுக்கு ஆள் இருக்கான்னு பாருங்க” என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் அவர் வரவில்லை. திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்த மாதத்துப் படிவங்களை முடிக்க முடியவில்லை. சர்க்கார் வேலை எங்கள் கையை விட்டுப் போயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மூவரிடமும் பெட்டிகளைப் பழையபடி அடுக்கிக்கொள்ளச் சொன்னேன்.

“இருக்கட்டும் சாரே. நீங்க செஞ்ச ஒழுங்குல்லா” என்றார் மூத்தவர்.

அதன்பின் அவர்கள் ஒவ்வொரு சீட்டாக வாசித்து, நிதானமாகக் கோர்த்தார்கள். மணிக்கு ஒன்பது வரி, பத்து வரி. மத்தியானம் மூவரும் பின்கட்டில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பேச்சும் சிரிப்பும் கேட்கும். நான் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனால் நின்றுவிடும். பிறகு நான் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தேன்.