கேஸ் மாத்திரை மாத்திரை இல்லையாம்

என் கணவருக்கு வயிற்று எரிச்சல் பல வருடமாக உண்டு. எங்கள் மரக்காணம் உப்பளத்தில் அதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. விடியற்காலையில் பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்குகிறோம். ஒன்பது மணிக்கு வரப்பில் உட்காரும்போது யாராவது மடியிலிருந்து கேஸ் மாத்திரை அட்டையை எடுப்பார்கள். வெற்றிலை மாதிரி அது கைமாறிப் போகும். வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, ஆளுக்கு ஒன்று.

அவருடைய அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அவரும் கடைசிவரை எரிச்சல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து இவர் நெஞ்சைத் தடவினாலே எனக்கு அந்த அண்ணன் ஞாபகம்தான் வரும். ஆறு மாதம் நச்சரித்த பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அங்கே ஒரு நர்ஸ் பொறுமையாக விளக்கினார். சிலர் வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்குமாம். வயிற்று அமிலத்தில் கிருமிகள் செத்துப்போக வேண்டும், ஆனால் இது சாகாது. இது ஒரு நொதியைச் சுரந்து, வயிற்றில் இருக்கும் யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். அப்படியே வருடக்கணக்காக உட்கார்ந்து வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்கும். சிலருக்கு அது புற்றாகவும் மாறும். உப்பு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்றார். நொதி என்றால் சோற்றைச் செரிக்க வைப்பது என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். நல்லது செய்வதாக நினைத்திருந்த ஒன்று இப்படியும் செய்யுமா என்று இருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் கணவர் சொன்னது இதுதான்: "யூரியாவா? நான் உப்பளத்துல வேலை செய்றவன். யூரியா மூட்டைய கையால தொட்டதே இல்லீங்க."

அது எல்லார் உடம்பிலும் தானாக உண்டாவது என்று நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். வாய்வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதுவும் கூடாது, போட்டால் கிருமி பதுங்கிக்கொள்ளும், நொதி சோதனையில் தெரியாது என்று எங்கள் இருவரிடமும் சொல்லித்தான் அனுப்பினார்கள். இவர் நன்றாகத் தலையாட்டினார்.

சோதனை நாள் காலையில், பஸ் கூனிமேடு தாண்டும்போது, சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இது மாத்திரையா? கேஸுக்குப் போடுறது. தண்ணிகூட குடிக்கல, எச்சில்லதான் முழுங்கினேன், போதுமா?"

"அப்போ தெனமும் போட்டீங்களா?"

"குடுத்தாங்க, போட்டேன். வேணாம்னா மூஞ்ச தூக்கி வச்சிக்குவானுங்க."

மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டபோது, இவர் சாமி சன்னதியில் நிற்பவர் போல "இல்லீங்க" என்றார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எங்கள் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். நாலு பேர் முன் பேசி எனக்குப் பழக்கமில்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நான் கதவோரம் நின்றுகொண்டிருக்கும்போதே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வயிற்றிலிருந்து கிள்ளிய துணுக்கை மஞ்சள் பசை ஒன்றில் வைத்தார்களாம். அந்த நொதி இருந்தால் பசை சிவக்கும். அது மஞ்சளாகவே இருந்தது. புற்று இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு துணுக்கை அனுப்பியிருப்பதாகவும், கிருமி இல்லை போலிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இவர் தம்பிக்கு போன் போட்டார். "ஒரு பூச்சியும் இல்லடா. உங்க அண்ணிதான் சும்மா பயமுறுத்திட்டா." எனக்கு வந்த எரிச்சலுக்கு அட்டை முழுவதையும் விழுங்கினாலும் அடங்கியிருக்காது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. இவரை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய் நர்ஸைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, இரண்டு வாரம் அந்த மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு வரட்டும், மறுபடி குழாய் வேண்டாம், ஒரு மருந்தைக் குடித்துவிட்டுப் பையில் மூச்சு ஊதினாலே நொதி தெரிந்துவிடும் என்றார்.

என்னைப் பொய்க்காரன் ஆக்கிவிட்டாய் என்று இவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒன்பது மணிக்கு, ஆண்கள் உட்கார்ந்திருந்த வரப்புக்குப் போய் நின்றேன். இத்தனை வருடம் அவர்கள் நடுவே உப்புக்கூடை சுமந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இவருக்கு யாரும் கேஸ் மாத்திரை தராதீங்க. இவங்க அண்ணனுக்கு வந்தது இவருக்கும் வந்துடக் கூடாது."

"ஏம்பா, உன் வீட்ல ஆர்டர் போட்டாச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அட்டை மடிக்குள் போய்விட்டது. இரண்டு வாரமும் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

மூச்சு ஊதியதில் கிருமி இருப்பது தெரிந்துவிட்டது. துணுக்கில் புற்று இல்லை, ஆனால் உள்சுவர் மாற ஆரம்பித்திருக்கிறது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், கிருமியைக் கொல்லப் பதினான்கு நாள் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர்.

இன்று ஆறாவது நாள். வாயெல்லாம் இரும்பாகக் கசக்கிறதாம். நேற்று ஒரு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக் குழாயடியில் துப்பியிருக்கிறார். நான் பார்த்துவிட்டேன். அதனால் இன்று டம்ளரோடு எதிரிலேயே நின்றேன்.

"நான் இன்னா சின்னப் புள்ளையா?"

"வாயத் தொறந்து காட்டுங்க."

திறந்தார். நாக்கையும் தூக்கச் சொன்னேன்.