கெண்ட் சரிவும் ஒட்டுப்போட்ட உடுப்புக் கொடியும்

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவி ரதியும் வீடு பார்க்கக் கெண்ட் பக்கம் போனோம். சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டன் லூயிஷாமில் மூன்றாம் மாடி பிளாட்டில் ஐந்து வருடம் ஹீட்டரில் உடுப்புக் காயப்போட்டு ரதிக்கு அலுத்துவிட்டது. முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டு ஒரு கொடி கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. லண்டனுக்குள் எங்கள் கைக்கு எட்டாத அந்த முற்றம் செவனோக்ஸ் தாண்டி ஒரு கிராமத்தில் எட்டும் விலையில் இருந்தது. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவே இல்லை.

துணைக்குக் கீழ்மாடிச் சேகர் வந்தான். திருச்சிக்காரன். கட்டடம் கட்டுமுன் மண்ணைத் துளைத்துப் பார்ப்பது அவன் வேலை. விடுமுறை நாளிலும் ஒரு பள்ளம் கண்டால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டான்.

காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். லூயிஷாமில் தொடங்கும் ஏ21 சாலையை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். சுமார் இருபது மைல், ஒரு மணி நேரம். பிராம்லி தாண்டும்வரை ட்ராபிக் உயிரை எடுக்கும். செவனோக்ஸ் கழிந்ததும் சாலை ஒரு மணற்கல் மேட்டிலிருந்து இறங்கும்போது கீழே வயலும் ஓக் மரங்களும் விரிந்து கிடக்கும். இந்தக் காட்சிக்காகவே ஒருமுறை போகலாம்.

வீடு அந்த மேட்டுக்குக் கீழே, சரிவு என்று யாராவது சொன்னால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. தனியாக வாழ்ந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி விற்கிறார். தோட்டத்தின் மேல் மூலையில் ஓர் ஊற்று! யாழ்ப்பாணத்தான் காணி பார்க்கப் போனால் வீட்டைப் பார்க்குமுன் கிணற்றைத்தான் பார்ப்பான். உப்புத் தண்ணீர் என்றால் மாளிகையும் வேண்டாம் என்பான். நான் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

"ரதி, இஞ்சை வாரும். நல்ல தண்ணி! இதுக்காகவே வாங்கலாம்."

சேகர் குடிக்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தான். "அண்ணே, தண்ணி நல்லாத்தான் இருக்கு. அது களிமண்ணுக்குள்ள போகுது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல."

மதியம் மூதாட்டி தோட்டத்து மர வாங்கில் அமர்ந்து சாப்பிடச் சொல்லித் தேநீரும் தந்தார். ரதி பாண் ரொட்டியும், ஐஸ்கிரீம் டப்பாவில் ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டுவந்திருந்தாள். காலையில்தான் பிரீசரிலிருந்து எடுத்தது. திறந்தால் மேலே குழம்பு, அடியில் இன்னும் உறைந்த கல். சேகர் டப்பாவைக் கொஞ்சமாகச் சாய்த்தான். மேலிருந்த கறி உருளைக்கிழங்கோடு வழுக்கி என் கால்சட்டைவரை வந்துவிட்டது.

"பாருங்க அக்கா, இந்த மண்ணோட கதையும் இதுதான்."

அவன் சொன்னது இது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தில், இங்கே நிலம் ஆண்டு முழுவதும் ஆழம்வரை உறைந்து கிடந்தது. கோடையில் மேல்மண் மட்டும் இளகும். கீழே இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீர் இறங்க வழியில்லை. ஊறிப்போன மேல்மண் மெல்லிய சரிவில்கூட வழுக்கிக் கீழே போகும். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் இன்றும் வீடும் ரோட்டும் சாய இப்படி இளகும் நிலம்தான் காரணம். கெண்டில் உறைந்த நிலம் என்றோ இளகிவிட்டது. ஆனால் அன்று மண் வழுக்கிய தளம் களிமண்ணுக்குள் வழவழவென்று அப்படியே இருக்கும். தண்ணீர் ஊறினாலோ, சரிவின் அடியை யாராவது வெட்டினாலோ, மண் மறுபடியும் புறப்படும்.

"அப்ப வீடு விழுமோ, சேகர்?" ரதியின் முகம் வாடிவிட்டது.

"விழும்னு சொல்லல அக்கா. துளை போட்டுப் பார்க்காம யாராலும் சொல்ல முடியாது."

எனக்கு எரிச்சல். வீடு இவ்வளவு காலம் நின்றிருக்கிறதே என்று வாதாடினேன். ரதி எழுந்து தோட்டத்து உடுப்புக் கொடியடிக்குப் போனாள். வந்ததிலிருந்தே அவள் கண் அதில்தான். ஒரு கம்பம் மேட்டுப் பக்கம், மற்றது இறக்கத்தில். நடுவிலிருந்த கம்பியில் இரண்டு இடத்தில் ஒட்டு. ஏன் என்று மூதாட்டியிடம் கேட்டாள். சில வருடத்துக்கு ஒருமுறை இறுகி அறுந்துவிடும், அப்போதெல்லாம் ஒரு துண்டு சேர்ப்பேன், இந்தக் கம்பி சுருங்குகிற ஜாதி என்று மூதாட்டி சிரித்தார்.

சேகர் தமிழில் மெதுவாகச் சொன்னான்: "கம்பி சுருங்கல அக்கா. கீழ இருக்கிற கம்பம் போய்க்கிட்டிருக்கு."

நான் கறி டப்பாவை மூடிக் காருக்கு எடுத்துப்போனேன். மண்ணைச் சோதித்துப் பார்க்கும்படி மூதாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டுத்தான் சேகர் காரில் ஏறினான்.

நீங்களும் போவதாக இருந்தால் ஏப்ரல், மே நல்லது. செவனோக்ஸ்வரை ரயில் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப ஏலாது, கார்தான் வசதி. மழை பெய்திருந்தால் பூட்ஸ் போடுங்கள். வயலில் அலை அலையாகப் புல்மேடு தெரிந்தால், மரங்கள் அடியில் வளைந்து நின்றால், பழைய சரிவாக இருக்கலாம் என்று நின்று பாருங்கள். ஊற்று நீரை என்னைப்போல் குடிக்க வேண்டாம், மேலே மாடு மேய்கிறது. கறியை முதல்நாளே வெளியே எடுத்துவையுங்கள்.

திரும்பும் வழியெல்லாம் ரதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். பிராம்லி வந்ததும் அப்படியே சொன்னாள்: "நாங்கள் காணியை விட்டிட்டு ஓடினது போதும், என்னப்பா. காணி எங்களை விட்டிட்டு ஓட வேண்டாம்."

அடுத்த வருடம் கடனைக் கூட்டி, கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் சமதரையில் ஒரு வீடு வாங்கினோம். ஊற்றும் இல்லை, காட்சியும் இல்லை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலுக்குள் சுண்ணாம்பாக வெள்ளை படிகிறது. பின்முற்றத்தில் ரதியின் கொடிக்கு இன்றுவரை ஓர் ஒட்டும் போடவில்லை.