பின்சீட்டில் வந்த தூக்கம்

என் சின்னக் காருக்குச் சனத்நகர் பட்டறை ஒன்றில் புது சைலன்சர் குழாய் செய்து மாட்டினேன். வளைவுகளைக்கூட நானேதான் வரைந்து கொடுத்தேன். அந்தக் கனமான உறுமலைக் கேட்பதற்காகவே என் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவேன். ஆறு வயது மகள் பின்சீட்டில் ஏறியதுமே தூங்கிவிடுவாள். படுத்தாமல் வருகிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிறு, கச்சிபௌலி நெரிசலில் வெகுநேரம் நின்றோம். மகளோடு பின்னால் இருந்த கணவர், "எனக்குத் தலை சுத்துது. பாப்பாவ எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்கிறா. வண்டிய ஓரங்கட்டு!" என்று கத்தினார்.

இருவரையும் வெளியே இறக்கினேன். காற்றுப் பட்டதும் மெல்லக் கண் திறந்தவள், "அம்மா, தல நொப்பி" என்று பள்ளியில் பழகிய தெலுங்கில் தலைவலியைச் சொல்லி முனகினாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில் இட்லி கேட்டாள்.

குழாய் இணைப்பில் வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை. டிக்கியின் தரையில் மூடாமல் விட்ட ஒரு துளை வழியாக நச்சுப் புகை உள்ளே வந்திருக்கிறது; அவளைத் தூங்கவைத்ததும் அதுதான்.

இரண்டையும் அடைத்துவிட்டேன். இப்போதெல்லாம் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பயணம். பின்னால் இருப்பவர்களிடம் தலை வலிக்கிறதா என்று அடிக்கடி கேட்கிறேன்.

"கேட்டது போதும், ரோட்டப் பாரு" என்கிறார் கணவர்.